யார் வாயிலிருந்து வந்த சொல்?

கேள்வி: "எனக்கு 27 வயது. வீடு மார்த்தாண்டம் பக்கம், வேலை திருவனந்தபுரத்தில். ரயிலில் போகும்போதும் வரும்போதும் போனில் பொன்மொழி, பெரியவர்களின் பேச்சு, தன்னம்பிக்கை வீடியோ என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். நல்லதாகப் பட்டதையெல்லாம் சேர்த்து வைத்திருக்கிறேன், நூற்றுக்கணக்கில் இருக்கும். வீட்டில் ஒரு பிரச்சினை வந்தபோது அதில் ஒன்றுகூடக் கைகொடுக்கவில்லை. 'அடுத்தவன் சொல்லப் படிச்சு யாரும் உருப்பட்டதில்ல, பட்டாத்தான் தெரியும்' என்கிறார் அப்பா. பிறர் சொல்லில் வாழ்க்கைக்கு வழி கிடைக்குமா? கிடைக்குமென்றால் எங்கே, எப்படித் தேடுவது?"

கிடைக்கும், தம்பி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நீங்கள் சேர்த்து வைத்திருக்கிற அந்தக் குவியலில் கிடைக்காது. அப்பா சொல்வதில் பாதி சரி. 'பட்டாத்தான் தெரியும்' என்பதும் அவருக்கு முன்னால் யாரோ பட்டுச் சொன்ன சொல்தான். அதை அவரிடம் போய்ச் சொல்லி வம்பை விலைக்கு வாங்க வேண்டாம்.

நாகர்கோவிலில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன் நான். அடுத்தவர் சொன்னதை எடுத்துச் சொல்வதே பிழைப்பாக இருந்த ஆள். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பழமொழியைப் பாருங்கள். 'அலை எப்பொழுது ஒழியும், தலை எப்பொழுது முழுகுகிறது' என்று ஒன்று. காத்திருக்காதே, இறங்கு என்கிறது. 'பதறாத காரியம் சிதறாது' என்று இன்னொன்று. பொறு என்கிறது. 'தன் கையே தனக்குதவி', 'தனிமரம் தோப்பாகாது' இரண்டும் அப்படித்தான், ஒன்றுக்கொன்று முறைத்துக்கொண்டு நிற்கும். அப்படியானால் முன்னோர் குழப்பவாதிகளா? இல்லை. பழமொழி ஆகாயத்தைப் பார்த்துச் சொல்லப்பட்டதல்ல. கல்யாணத்துக்கு நாள் கடத்துகிற பேரனிடம் பாட்டி முதலாவதைச் சொல்வாள். கோபத்தில் வேலையை எறிந்துவிட்டு வந்து நிற்கிற மகனிடம் இரண்டாவதைச் சொல்வாள். எதை எப்போது எடுப்பது என்று அவளுக்குத் தெரியும், ஏனென்றால் முன்னால் நிற்கிற ஆளை அவளுக்குத் தெரியும். உங்கள் போனுக்கு உங்களைத் தெரியாது. 'விடாமல் முயற்சி செய்' என்பதையும் 'விட்டுவிடக் கற்றுக்கொள்' என்பதையும் அடுத்தடுத்து, அதே சூரிய அஸ்தமனப் படத்தைப் பின்னால் போட்டு அனுப்பும். இரண்டும் உண்மைதான். உங்களுக்கு அன்றைக்கு எது என்பதுதான் கேள்வி. அதைச் சொல்ல அங்கே ஆள் இல்லை.

இதை நம் மாவட்டத்து ஆட்களையும் இடங்களையும் வைத்தே சொல்கிறேன். அதற்கு வேறெங்கும் போக வேண்டியதில்லை.

கன்னியாகுமரிக்கு வருகிறவர்கள் எல்லாரும் வாங்கிக்கொண்டு போகிற படம் விவேகானந்தர் படம். அதன் கீழே 'எழுமின், விழிமின்' என்று எழுதியிருக்கும். இது கடோபநிஷத்தில் வருகிற வரி. நசிகேதன் என்கிற பையன் யமனிடம் போய்ச் சாவைப் பற்றிக் கேட்கிற கதை அது. மூலத்தில் 'எழுங்கள், விழியுங்கள்' என்பதோடு முடிவதில்லை. 'மேலானவர்களை அடைந்து அறிந்துகொள்ளுங்கள்' என்று தொடர்கிறது. பாதை கத்திமுனை போலக் கடினமானது என்று எச்சரிக்கையும் கூடவே வருகிறது. விவேகானந்தர் அதைத் தன் காலத்துக்காக, சோர்ந்து கிடந்த நாட்டுக்காக, இலக்கை அடையும்வரை நில்லாதீர்கள் என்று மாற்றிச் சொன்னார். மாற்ற அவருக்கு உரிமை உண்டு, அவர் அந்த மூலத்தைக் கற்றவர். நமக்குக் கிடைப்பது மூன்றாம் கைச்சரக்கு. 'தெரிந்தவர்களிடம் போய்க் கேள்' என்கிற நடுப்பகுதி உதிர்ந்துபோய், தலையும் வாலும் மட்டும் கடையில் தொங்குகிறது.

அவர் இங்கே வந்தது 1892 டிசம்பரில். இந்தியா முழுக்க நடந்தும் ரயிலிலுமாகச் சுற்றி, முனைக்கு வந்து சேர்ந்தார். அந்தப் பாறையில் அவர் என்ன நினைத்தார் என்று ஆளாளுக்குக் கதை சொல்வார்கள். அவரே சொல்லியிருக்கிறார். 1894 மார்ச்சில் அமெரிக்காவிலிருந்து தன் சகோதரத் துறவி ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. குமரிமுனையில் கடைசிப் பாறையில் உட்கார்ந்திருந்தபோது ஒரு திட்டம் தோன்றியது என்கிறார். இத்தனை சந்நியாசிகள் ஊர் ஊராகச் சுற்றி மக்களுக்குத் தத்துவம் போதித்துக்கொண்டிருக்கிறோமே, இது பைத்தியக்காரத்தனம் என்கிறார். அதற்கு அடுத்து வருவதுதான் நான் உங்களுக்குக் காட்ட விரும்புவது. வெறும் வயிற்றுக்குச் சமயம் ஆகாது என்று நம் குருதேவர் சொல்வாரே என்று ராமகிருஷ்ணரின் சொல்லை அங்கே நினைவுகூர்கிறார்.

கவனியுங்கள். ராமகிருஷ்ணர் மறைந்தது 1886-ல். அவர் உயிரோடிருந்தபோது அந்தச் சொல் இவர் காதில் விழுந்தது. அப்போது அது பல சொற்களில் ஒன்று. ஆறு வருஷம் கழித்து, பஞ்சத்தையும் பட்டினியையும் கண்ணால் பார்த்துக்கொண்டு தெற்கு முனைவரை வந்தபிறகு, அதே சொல் ஒரு வேலைத்திட்டமாக மாறுகிறது. கிராமம் கிராமமாகப் போய்ப் படிப்புச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று யோசிக்கிறார். பிறர் சொல் ஒருவருக்குள் வேலை செய்கிற விதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி நம் ஊரில் கிடையாது. குரு சொன்னதால் மட்டும் வரவில்லை, பட்டினியைப் பார்த்ததால் மட்டும் வரவில்லை. உங்கள் அப்பாவின் கட்சியும் உங்கள் கட்சியும் அந்தப் பாறையில் சேர்ந்தே உட்கார்ந்திருக்கின்றன.

(இடையில் ஒன்று. விவேகானந்தர், அப்துல் கலாம், புத்தர் பெயரில் வருகிறவற்றில் அவர்கள் சொல்லாதது ஏராளம். எந்தக் கடிதம், எந்தச் சொற்பொழிவு, யாரிடம் சொன்னது என்று ஒரு விவரமும் இல்லாமல் பெயர் மட்டும் இருந்தால் தள்ளிவிடுங்கள். கருத்து நல்லதாக இருந்தாலும் ஆளில்லாத சொல் அது.)

பக்கத்துப் பாறைக்கு வருவோம். 2000 ஜனவரி 1-ல் திறந்த வள்ளுவர் சிலையை வெறுமனே 133 அடி என்று பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம். சிலையை வடித்த கணபதி ஸ்தபதி அதில் 38 அடியைப் பீடமாக்கினார். அறத்துப்பால் 38 அதிகாரம். மேலே நிற்கிற 95 அடி, பொருளுக்கு 70, இன்பத்துக்கு 25. அறத்தின்மேல் மற்றவை நிற்கின்றன என்பது அவர் படித்த விதம், கல்லில் எழுதிய உரை என்றே சொல்லலாம். ஆனால் உங்கள் கேள்விக்குப் பதில் பீடத்தில் இல்லை, மேலே இருக்கிறது. 'கேள்வி', அதாவது பெரியவர்களிடம் கேட்டு அறிவது, என்கிற அதிகாரத்தை வள்ளுவர் அறத்துப்பாலில் வைக்கவில்லை. பொருட்பாலில், ஆள்பவனுக்குச் சொல்கிற 'அரசியல்' என்கிற பகுதியில் வைத்தார். முடிவெடுக்க வேண்டியவனுக்குத்தான் கேட்கத் தெரிய வேண்டும் என்று நினைத்திருக்கிறார். பொழுதுபோகாதவன் கேட்கிற கேள்வியல்ல அது.

வரிசையையும் பாருங்கள். 40 கல்வி, 41 கல்லாமை, 42 கேள்வி, 43 அறிவுடைமை. கேள்வியில் இப்படி ஒரு குறள்:

இழுக்கல் உடையுழி ஊற்றுக்கோல் அற்றே
ஒழுக்க முடையார்வாய்ச் சொல்.

வழுக்குகிற இடத்தில் ஊன்றிக்கொள்ள, ஒழுக்கம் உடையவரின் சொல்தான் வேண்டும் என்கிறார். யார் சொன்னது என்பது இங்கே முக்கியம். அடுத்த அதிகாரத்துக்குப் போனால் 'எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்' வந்துவிடுகிறது. யார் வாயிலிருந்து வந்தாலும் மெய்யா என்று பார் என்கிறார். மாணவர்கள் வருஷா வருஷம் கேட்பார்கள், 'சார், இது முரண்பாடு இல்லையா?' என்று. நான் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன். உட்கார்ந்து யோசிக்க நேரமிருக்கும்போது யார் சொன்னதையும் எடுத்துச் சோதிக்கலாம், எதிரி சொன்னதைக்கூட. கால் வழுக்கிக்கொண்டிருக்கும்போது சோதிக்க நேரமில்லை. அப்போது நம்பி ஊன்றத் தகுந்த ஆளின் சொல் ஏற்கெனவே கையில் இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் பிரச்சினை வந்த அன்றைக்கு உங்கள் கையில் இருந்தவை முகம் தெரியாதவர்களின் சொற்கள். ஊன்ற முடியவில்லை. அதில் அதிசயம் ஒன்றுமில்லை.

சொன்னவரின் நிலை தெரிந்தால் ஒரு வரி எப்படி மாறும் என்பதற்குச் சாமிதோப்பைச் சொல்வேன். அங்கே அய்யாவழியைத் தொடங்கிய அய்யா வைகுண்டரின் வாக்காக எல்லாருக்கும் தெரிந்தது 'தாழக் கிடப்பாரைத் தற்காப்பதே தர்மம்.' இதைத் தனியாக ஒரு சுவரில் எழுதினால் என்ன தோன்றும்? இருக்கிறவன் இல்லாதவனுக்குக் கொடு என்று தோன்றும், ரோட்டரி சங்க விழாவில்கூடப் பேசிவிடலாம். சொன்னது யார்? 1809-ல் தாழக் கிடந்த சாதி ஒன்றில் பிறந்தவர். அன்றைய திருவிதாங்கூரில் அந்த மக்களுக்குத் தலைவரி உண்டு, தலைப்பாகை கட்டக் கூடாது, பெண்கள் மேலாடை போடக் கூடாது. சுவாதித் திருநாள் காலத்தில் அவரைப் பிடித்துத் திருவனந்தபுரத்தில் சிறையில் வைத்தார்கள். திரும்பி வந்தவர், கும்பிட வருகிற ஆண்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டு உள்ளே வா என்றார். இன்றும் பதிகள் என்கிற அவர்களுடைய கோயில்களில் அப்படித்தான். கருவறையில் கண்ணாடி. பெண்களுக்கு மேலாடை உரிமை என்று அரசு அறிவித்தது 1859-ல், அவர் மறைந்து எட்டு வருஷம் கழித்து. இதெல்லாம் தெரிந்தபிறகு அந்த வரியைத் திரும்பச் சொல்லிப் பாருங்கள். தாழக் கிடக்கிறவனே தன் பக்கத்தில் தாழக் கிடக்கிறவனைக் காப்பாற்ற எழுந்து நின்று சொன்னது. கொடையைப் பற்றிய வரி என்று இனி உங்களால் படிக்க முடியாது.

அந்த மக்கள் அவருடைய சொல்லை எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதும் பார்க்க வேண்டியது. கார்த்திகையில் 17 நாள் திருஏடு வாசிப்பு நடக்கும். அகிலத்திரட்டு என்கிற தங்கள் புனித நூலை ராகம் போட்டு ஒருவர் படிப்பார், பொருள் சொல்வார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற வயதான பெண்களைக் கவனித்தால் தெரியும், படிக்கிறவர் அடுத்த வரிக்குப் போகுமுன்பே அவர்கள் உதடு அசைந்துவிடும். அதில் பலர் பள்ளிக்கூடம் போகாதவர்கள். வருஷா வருஷம் அதே ஏடு, அதே திருக்கல்யாணம், அதே பட்டாபிஷேகம். புதிதாக ஒன்றும் இல்லை. நமக்கோ ஒரு வரியை இரண்டாம் முறை பார்த்தால் 'இது பழசு' என்று விரல் தள்ளிவிடுகிறது. தக்கலையில் பீரப்பாவின் ஞானப்புகழ்ச்சியை ரஜப் மாதத்தில் விடிய விடிய ஊரே கூடிப் பாடுவதும் இதே வழிதான். நெசவு செய்து பிழைத்த சூஃபி ஞானியின் பாட்டு, அவர் மறைந்து நூற்றாண்டுகளுக்குப் பிறகும் தொண்டையில் இருக்கிறது. மனப்பாடம் என்றால் இப்போது கேலி செய்கிறோம். ஆபத்து நேரத்தில் போனைத் திறந்து தேடவா முடியும்? நெஞ்சில் கிடப்பதுதான் வாயில் வரும்.

பெரிய பெயர்களையே சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்காதீர்கள். என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

பறக்கைப் பக்கம் எங்கள் பழைய வீடு. பள்ளம் துறையிலிருந்து மீன் கடவத்தை, அதாவது கூடையை, சும்மாடு வைத்துத் தலையில் தூக்கிக்கொண்டு ஒரு அம்மா வருவார். புருஷனைக் கடலில் பறிகொடுத்தவர். அவரும் என் அம்மாவும் தினம் சண்டை போடாமல் ஒரு கூறு சாளை கைமாறியதில்லை. ஒரு வருஷம் அப்பா உறவுக்காரர் ஒருவருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டு, வயல் போயிற்று. அம்மா இரண்டு நாள் அடுப்புப் பற்ற வைக்கவில்லை. வந்தவர்கள் எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். எல்லாம் கடவுள் பார்த்துக்கொள்வார், நல்லவங்களுக்குத்தான் சோதனை, இப்படி. அம்மா தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் மீன்காரம்மா வந்தார். முற்றத்தில் கடவத்தை இறக்கி வைத்தார். விஷயத்தைக் கேட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: "எக்கா, போனத எண்ணாத. கரையில கெடக்கத எண்ணு. நான் அதத்தான் செஞ்சேன்." அவ்வளவுதான். மீனை அள்ளி வைத்தார். விலையில் ஒரு காசு குறைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அம்மா அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். எழுந்துபோய்ப் பின்புறத்தில் தென்னைகளை எண்ணினாள். எருமை, பித்தளைப் பானை, அப்பாவின் சம்பளத்தில் பிடித்தம் போக மிச்சம் என்று என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதச் சொன்னாள். சாயங்காலத்துக்குள் தேங்காயைக் குத்தகைக்கு விடுவது என்று முடிவாகிவிட்டது. அதே வார்த்தையை அதற்கு முந்தின நாள் வந்த பணக்கார மாமா ஒருவர் சொல்லியிருந்தால் அம்மா அவரை முறைத்திருப்பாள். 'நான் அதத்தான் செஞ்சேன்' என்கிற வாலில்தான் அந்தச் சொல்லின் உயிர் இருந்தது.

அந்தத் துறைக்காரர்களின் வித்தை ஒன்றையே இதற்கு உவமையாகச் சொல்லலாம். கடலுக்கடியில் மீன் கூடுகிற பார், அதாவது பாறைத்திட்டு, எங்கே இருக்கிறது என்று தண்ணீரைப் பார்த்தால் தெரியாது. ஜிபிஎஸ் வருவதற்கு முன் அவர்கள் கரையைத் திரும்பிப் பார்ப்பார்கள். கோயில் கோபுரமும் அதற்குப் பின்னால் நிற்கிற மலைமுகடும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து தெரிய வேண்டும். அது ஒரு கோடு. அந்தக் கோட்டில் எவ்வளவு தூரம் போவது? வேறு திசையில் இன்னும் இரண்டு அடையாளம், ஒரு கட்டடமும் ஒரு குன்றும், அதுபோலச் சேர வேண்டும். இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில்தான் தூண்டிலை இறக்குவார்கள். ஒரு கோட்டை மட்டும் வைத்துக்கொண்டு போனால் இரவு முழுக்கத் துடுப்புப் போட வேண்டியதுதான். சொன்னவரும் அவர் நின்ற நிலையும் ஒரு கோடு. நீங்களும் உங்கள் நிலையும் மறு கோடு. நீங்கள் சேர்த்து வைத்திருப்பதில் முதல் கோடும் இல்லை, இரண்டாவதும் இல்லை.

சிதறாலுக்குப் போயிருக்கிறீர்களா? மார்த்தாண்டத்திலிருந்து கூப்பிடு தூரம்தான். திருச்சாரணத்துமலையில் சமணர்கள் செதுக்கிய சிற்பங்கள் இருக்கின்றன. அங்கே ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டில் குணந்தாங்கிக் குரத்திகள் என்கிற பெண்துறவியின் பெயர் வருகிறது. பொன் கொடுத்த செய்தி. அதில் அவர் யாருடைய மாணாக்கி என்றும் வெட்டியிருக்கிறார்கள், அரிட்டநேமி பட்டாரகரின் மாணாக்கி என்று. கொடுத்த பொன்னுக்கு ஆசிரியர் பெயர் எதற்கு? யாரிடம் கேட்டவர் என்பதும் சேர்ந்துதான் அன்றைக்கு ஒருவரின் அடையாளம். நீங்களும் ஒரு வரியை எழுதி வைத்தால் யார், யாரிடம், எப்போது சொன்னது என்று சேர்த்தே எழுதுங்கள். எழுத முடியாதவற்றை அழித்துவிடுங்கள். நூற்றுக்கணக்கில் இருப்பது பத்துக்குள் வந்துவிடும். அதுவே அதிகம்.

சிரிப்பில் கிடைப்பதையும் விட்டுவிடாதீர்கள். ஞானம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு முகத்தை இறுக்கிக்கொள்ள வேண்டும் என்று யாரோ நம்மிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி முறையைப் பற்றி மான்மியம் எழுதினார். சொத்து மகனுக்குப் போகாமல் சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகிற முறை அது. உபதேசமாக எழுதியிருந்தால் யாரும் படித்திருக்க மாட்டார்கள். ஒரு காரணவரின், அதாவது குடும்பத் தலைவரின், ஐந்தாவது மனைவி வாயில் கதையை வைத்தார். அவள் புலம்பப் புலம்ப நமக்குச் சிரிப்பு வருகிறது, சிரித்து முடித்தபிறகுதான் குத்துகிறது. அந்த முறையை மாற்றும் சட்டம் 1926-ல் வந்தது. ஒரு நூலால்தான் வந்தது என்று சொல்ல மாட்டேன், கிளர்ச்சி நடந்துகொண்டிருந்தது. ஆனால் வெட்கப்பட வேண்டிய விஷயம் இது என்று வீட்டுக்குள் உறைக்கவைத்ததில் அந்தச் சிரிப்புக்குப் பங்கு உண்டு. ஒழுகினசேரி என்.எஸ். கிருஷ்ணன் சினிமாவில் செய்ததும் அதுதான். உங்கள் குடும்பத்தில் எல்லாரையும் கேலி செய்கிற ஒரு மாமாவோ பெரியப்பாவோ இருப்பார். அவரிடம் ஒருநாள் தனியாக உட்காருங்கள், சரக்கு இருக்கும்.

கவிமணியைச் சொன்னதால் இதையும் சொல்கிறேன். தமிழில் மட்டும்தான் படிக்க வேண்டுமா, வெளிநாட்டார் நூல்கள் நமக்கு ஒத்துவருமா என்று சிலர் கேட்பதுண்டு. தேரூர்க்காரர் பாரசீகத்து உமர் கய்யாமை ஆங்கிலம் வழியாகப் படித்துத் தமிழில் பாடினார். புத்தர் கதையையும் அப்படியே. எங்கிருந்து வந்தாலும் சரி, முழுதாகப் படியுங்கள். முந்நூறு பக்கத்தை ஏழு குறிப்பாகச் சுருக்கித் தருகிற வீடியோவைப் பார்ப்பது, சாப்பிட்டவனிடம் ருசி கேட்பதுதான்.

சொல் உதவாத இடமும் உண்டு. துட்டி வீட்டில், அதாவது சாவு வீட்டில், பொன்மொழி சொல்லாதீர்கள். நம் ஊர்ப் பெரியவர்கள் துட்டிக்குப் போனால் என்ன செய்கிறார்கள்? உட்கார்ந்து, 'எப்ப நடந்துது, என்ன செஞ்சுது' என்று கேட்பார்கள். அந்த வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதிலிருந்து தொடங்கிச் சொல்வார். அடுத்து வருகிறவரும் அதையே கேட்பார், அவரும் முதலிலிருந்து சொல்வார். சின்ன வயசில் இது எனக்கு மடத்தனமாகத் தெரிந்தது. சொல்லச் சொல்லத்தான் அந்த வீட்டுக்காரர் நடந்ததை நடந்ததாக ஏற்றுக்கொள்கிறார் என்பது பிறகுதான் புரிந்தது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கம் எத்தனையோ வீடுகளில் போனவர் திரும்பவில்லை, உடலும் வரவில்லை. அந்த வீடுகளுக்குள் நின்று வாழ்க்கைத் தத்துவம் பேசியவர்களும் உண்டு. ரேஷன் கார்டையும் படகு எண்ணையும் கேட்டு மனு எழுதிக் கொடுத்தவர்களும் உண்டு. இதில் யார் ஞானி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, உங்களுக்குச் செய்ய ஏதாவது வேண்டுமல்லவா. பெரியவர்களிடம் 'வாழ்க்கையைப் பத்தி ஏதாவது சொல்லுங்க' என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் யாராக இருந்தாலும் மேடைப் பேச்சைத்தான் எடுப்பார்கள். குறிப்பாகக் கேளுங்கள். 'பனை ஏறுறத விட்டப்ப வீட்டுச் செலவ எப்படிப் பாத்தீங்க?' 'தம்பிகூட எத்தன வருஷம் பேசாம இருந்தீங்க, முதல்ல பேசினது யாரு?' 'கடன் வாங்கினதுல எது தப்பாப் போச்சு?' இப்படிக் கேட்டால் கதை வரும். கதையின் நடுவில், அவர்களே அறியாமல், ஒரு வரி வரும். அந்த வரிதான் உங்களுக்கு. உங்கள் அப்பாவிடமிருந்தே தொடங்கலாம். 'பட்டாத்தான் தெரியும்' என்கிறவர் எங்கே பட்டார் என்று இதுவரை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். ஒரே தடவையில் சொல்லிவிட மாட்டார். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வைத்துச் சாப்பிடுகிற ஞாயிற்றுக்கிழமையாகப் பாருங்கள், வாய் கொஞ்சம் இளகும்.

கேட்டதை உடனே வீட்டில் இன்னொருவருக்குச் சொல்லிப் பாருங்கள். சொல்ல வரவில்லை என்றால் உங்களுக்குப் புரியவில்லை. ரயில் நேரத்தில் போனை வைத்துவிட்டு ஒரு அதிகாரத்தை, கேள்வியையே எடுத்துக்கொள்ளுங்களேன், பத்துக் குறளையும் மனப்பாடம் செய்யுங்கள். மார்த்தாண்டத்தில் ஏறினால் திருவனந்தபுரம் போவதற்குள் இரண்டு குறள் தாராளமாக நிற்கும். உரை ஒன்று போதாது, பரிமேலழகரையும் இந்தக் காலத்து உரை ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள். இரண்டு பேரும் எங்கே ஒத்துப்போகவில்லையோ அங்கே நீங்கள் யோசிக்க வேண்டியிருக்கும்.

சாமிதோப்பு ஏடு வாசிப்பைக் கேட்க ஆசை இருந்தால் கார்த்திகை பிறந்ததும் எந்த வெள்ளிக்கிழமை தொடங்குகிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு முதல் நாளே போய்விடுங்கள். வேலை நாளாக இருந்தால் லீவு போடுங்கள். நடுவில் போய் உட்கார்ந்தால் கதை பிடிபடாது. பக்கத்தில் இருக்கிற பாட்டிமார்களைக் கேட்டால் சொல்வார்கள்தான், ஆனால் வாசிப்பு நடக்கும்போது கேட்டால் அதட்டுவார்கள்.